மண்ணுக்கு உரியவர்கள்

ஐதரேய பிராம்மணத்தில் ஒரு சிறு கதை வருகிறது. விசுவகர்மன் பௌவனன் என்னும் அரசனுக்குக் காசியப முனிவர் மகாபிஷேகம் செய்துவைத்தார். அரசன் திசையெங்கும் வென்றான், அசுவமேதமும் செய்தான். தனக்கு இந்தப் பேற்றைத் தந்த முனிவருக்குப் பூமியையே தட்சிணையாகக் கொடுக்க முற்பட்டான். அப்போது பூமியே வாய் திறந்து பேசியதாம். மனிதர் எவருக்கும் தன்னைத் தானம் செய்யும் அதிகாரம் இல்லை என்றும், காசியபருக்கு அரசன் கொடுத்த வாக்கு வீண் வாக்கு என்றும், தான் நீருக்குள் மூழ்கிவிடப் போவதாகவும் அது சொல்லிற்றாம்.

தானம் கொடுத்தவரின் பெருமையைச் சொல்லும் கதைகள் நம்மிடம் ஏராளம். கொடுக்கப்படும் பொருளே எழுந்து நின்று, ‘என்னைக் கொடுப்பதற்கு நீ யார்?’ என்று கேட்கும் கதை அபூர்வமானது.

கதையாக வந்தது பின்னர் தர்க்கமாகவும் வந்தது. ஜைமினி முனிவரின் மீமாம்சா சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயத்தில் விசுவஜித் என்ற யாகத்தைப் பற்றி ஒரு விசாரம் இருக்கிறது. அந்த யாகத்தைச் செய்பவர் தம் உடைமை முழுவதையும் தட்சிணையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. யாகம் செய்பவர் ஒரு சக்கரவர்த்தியாக இருந்தால், நாட்டு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? கொடுக்க முடியாது என்பதே சித்தாந்தம். ஏனெனில் நிலம் எல்லோருக்கும் பொது. சபரர் தம் பாஷ்யத்தில் இதை விரித்துரைக்கிறார். இந்த வயலுக்கு இவன் உடையவன் என்று ஒருவனைக் காட்டலாம். பூமி முழுவதற்கும் உடையவன் என்று எவனையும் காட்ட இயலாது. விளைச்சலைக் காப்பதால் அரசனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான். காவல் காப்பதனால் ஒருவன் சொந்தக்காரன் ஆகிவிடுவதில்லை.

தரிசனங்கள் ஆறிலும் மிக வறட்சியானது என்று பெயரெடுத்தது மீமாம்சை. வேள்விச் சடங்குகளின் நுணுக்கங்களைப் பக்கம் பக்கமாக விவாதிக்கும் அந்தச் சாஸ்திரம், போகிற போக்கில், பேரரசுகளின் அஸ்திவாரத்தையே அசைக்கக்கூடிய ஒரு முடிவைச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது.

கல்கத்தாவில் எழுதப்பட்ட உரிமை

1793ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து ஆண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார். அதுவரை வரி வசூலிப்பவர்களாகவும் காவல் பொறுப்பில் இருந்தவர்களாகவும் கருதப்பட்ட ஜமீன்தார்கள் அன்றிலிருந்து நிலத்தின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். காவலன் உடையவன் ஆக முடியாது என்று ஜைமினி சொன்னதற்கு நேர் எதிரானது ஒரே நாளில் சட்டமாகிவிட்டது. இதில் வியப்பு என்னவென்றால், அதே கல்கத்தாவில் பல ஆண்டுகள் வாழ்ந்து சமஸ்கிருதம் பயின்ற கோல்புரூக் என்ற அறிஞர்தான் பின்னாளில் மீமாம்சையின் இந்த விவாதத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதல்வர். அலுவலகம் ஒன்று சொல்லிற்று, நூலகம் ஒன்று சொல்லிற்று, வென்றது அலுவலகம்.

வயலுக்கு நேர்ந்தது காட்டுக்கும் நேர்ந்தது. மேதினிபூர், பாங்குரா, புருலியா ஆகிய பகுதிகளில் பரந்திருந்த சால மரக் காடுகளை ஆங்கிலேயர்கள் ஜங்கிள் மஹால் என்று அழைத்தார்கள். சந்தால்கள், முண்டாக்கள், பூமிஜ்கள், லோதாக்கள் போன்ற பழங்குடி மக்களின் நாடு அது. 1864இல் வனத்துறை தோன்றிற்று. 1878இல் வந்த சட்டம் காட்டை ஒதுக்கப்பட்ட காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு என்று வகைப்படுத்திற்று. காட்டில் புழங்குவது, தேனெடுப்பது, விறகு பொறுக்குவது ஆகியவற்றை மக்கள் உரிமையாக அனுபவித்து வந்தார்கள். பெரும்பாலான இடங்களில் அவை இப்போது அரசு மனமிரங்கித் தரும் சலுகைகளாகிவிட்டன. லோதாக்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் அந்த இனத்தையே குற்றவாளி இனமாக எழுதிவைத்தார்கள். 1952இல்தான் அந்தக் கறை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. ஊராரின் மனத்திலிருந்து அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

மேதினிபூர்க் காடுகள் பெரும்பாலும் ஜமீன்தார்களிடமே இருந்தன. ரயில் பாதை போடச் சால மரக் கட்டைகள் வேண்டியிருந்தன, காடுகள் விழுந்தன. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமீன்கள் அரசுடைமை ஆகப்போகின்றன என்று தெரிந்ததும், கைவிட்டுப் போவதற்கு முன் காசாக்கிவிடலாம் என்று பல ஜமீன்தார்கள் எஞ்சிய மரங்களையும் வெட்டி விற்றார்கள். ‘என்னுடையது’ என்ற உணர்வு எதைக் காக்கும் என்று நாம் நம்புகிறோமோ, அதையே அது எவ்வளவு விரைவாக அழிக்கும் என்பதற்கு இது சான்று. வனத்துறையின் கைக்கு வந்து சேர்ந்தது காடு அன்று. அடிக்கட்டைகள் நின்ற செம்மண் மேடு.

அராபாரி

கொல்கத்தாவின் ஹௌரா நிலையத்திலிருந்து மேற்கே சென்றால் மேதினிபூர். அங்கிருந்து வடக்கே போனால் சால்போனி. சால வனம் என்பதே அந்தப் பெயரின் பொருள். அதற்கு அருகில் உள்ள அராபாரி வனச்சரகத்தில் 1971-72இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி சால மரங்களைப் பற்றிய ஆராய்ச்சியை மேற்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கன்றுகளை ஆடுமாடுகள் மேய்ந்தன; தப்பியவற்றை மனிதர்கள் வெட்டிச் சென்றார்கள். காவலர்களால் தடுக்க முடியவில்லை. சுற்றியிருந்த மக்களுக்கு ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே வயல் வேலை கிடைத்தது. மீதி மாதங்களில் விறகு வெட்டி விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அவர்களைத் திருடர்கள் என்று துறை அழைத்தது. தங்கள் பாட்டன் காட்டில் தங்களையே திருடர்கள் என்பவர்களை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள் என்பது பதிவேடுகளில் இல்லை.

பானர்ஜி வழக்குப் போடுவதை விட்டுவிட்டு, மக்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். விறகு விற்று ஒரு குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? அதை வேறு வழியில் ஈடுகட்ட முடியுமா? காட்டிலேயே நடவு வேலை. இலை, பழம், காளான், விதை முதலிய சிறு விளைபொருள்களை எடுத்துக்கொள்ளும் உரிமை. மரங்கள் முதிர்ந்து விற்கப்படும்போது வருமானத்தில் 25 விழுக்காடு. இவற்றுக்கு ஈடாக, வெட்டாமல், மேய்க்காமல் காட்டைக் காக்க வேண்டும். 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள் 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்க ஒப்புக்கொண்டன.

சால மரத்தின் இயல்பு இங்கே துணைசெய்தது. வெட்டப்பட்டாலும் அதன் வேர் சாவதில்லை. மண்ணுக்கு மேல் அடிக்கட்டையாக நிற்பது உள்ளே உயிரோடு காத்திருக்கிறது. தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும், அதே வேரிலிருந்து தளிர்கள் கூட்டமாக எழும். ஆக, காடு வளர்ப்பதற்கு மக்கள் செய்ய வேண்டியிருந்ததில் பெரும்பகுதி, செய்யாமல் இருப்பதுதான். சில ஆண்டுகளில் செம்மண் மேடு பச்சையாயிற்று. 1983இல் அந்தக் காட்டின் மதிப்பு 12.5 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. 25 விழுக்காடு என்பது தொடக்கத்தில் ஓர் அதிகாரியின் வாய்ச்சொல். முறையான அரசாணை வரப் பல ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அந்தக் குடும்பங்கள் ஒரு மனிதரின் வாக்கை நம்பிக் காத்திருந்தன. தலைமுறை தலைமுறையாக அரசாங்க முத்திரை குத்திய காகிதங்களால் ஏமாற்றப்பட்டவர்கள், காகிதமே இல்லாத ஒரு சொல்லை நம்பினார்கள். நம்பியவர்களின் பெருந்தன்மையைப் பற்றி அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை.

1988இல் வந்த தேசிய வனக் கொள்கை, காட்டை நம்பி வாழும் மக்களின் தேவைகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்றது. 1989 ஜூலையில் மேற்கு வங்க அரசு, கூட்டு வன மேலாண்மைக்கான ஆணையைப் பிறப்பித்தது. 1990 ஜூனில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வனக் குழுக்கள் பின்னர் அமைந்தன. தமிழகத்துக் கிராம வனக் குழுக்களும் இந்த வழியில் பிறந்தவையே.

பங்கா, உறவா?

சிந்திக்க வேண்டிய கேள்வி இங்கேதான் எழுகிறது. 618 குடும்பங்கள் காட்டைக் காத்தது 25 விழுக்காட்டுக்காகவா? அப்படியானால் அது தர்மமா, வியாபாரமா?

கூலியை எதிர்பாராமல் கர்மம் செய்ய வேண்டும் என்று படித்தவர்கள் இந்த இடத்தில் சற்று முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டாம். பசித்த வயிற்றுக்கு மதபோதனை செய்வது வீண் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாக்கு. சுவாமி விவேகானந்தர் அதைத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்தினார். வெட்டினால் இன்றே சோறு, வெட்டாவிட்டால் பத்தாண்டு கழித்துப் பங்கு என்ற நிலையில் ஒருவன் கோடரியைக் கீழே வைப்பது சாதாரணப் புலனடக்கமன்று. நிஷ்காம கர்மத்தைப் பற்றி நிழலில் அமர்ந்து பேசுபவர்கள் அந்தப் பத்தாண்டைக் கற்பனை செய்து பார்ப்பது நல்லது.

இருந்தாலும் அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 25 போக மீதி 75 யாருடையது? பங்கு கொடுப்பவர் யாரோ, அவரே உடையவர். வாங்குபவர் கூட்டாளி, அதுவும் சிறிய கூட்டாளி. குழுவின் செயலராக வனத்துறை அலுவலரே இருந்தார். எந்த மரம் எப்போது வெட்டப்பட வேண்டும் என்பதைத் துறையின் திட்டமே நிர்ணயித்தது. இன்னொன்றும் நடந்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு காடு என்று பிரித்துக் காவல் போட்டபோது, எந்தக் குழுவிலும் இடம் பெறாத ஏழைப் பெண்கள் விறகுக்காக இன்னும் தொலைவு நடந்தார்கள். நேற்றுவரை துறையால் திருடர்கள் எனப்பட்டவர்கள், இன்று அடுத்த கிராமத்துப் பெண்ணைத் திருடி என்றார்கள்.

இதே சந்தால் கிராமங்களின் ஓரத்தில் ஜாஹேர் என்ற ஒரு தோப்பு இருக்கும். சால மரங்கள் நிற்கும் அந்த இடத்தில் மாராங் புருவும் ஜாஹேர் ஏராவும் உறைகிறார்கள் என்பது அவர்களது நம்பிக்கை. வசந்தத்தில் பாஹா திருவிழா வரும்வரை புதிதாகப் பூத்த சாலப் பூவைப் பெண்கள் தலையில் சூடுவதில்லை. முதல் பூ தெய்வத்துக்கு. பூசாரியின் கையிலிருந்து அது வந்த பிறகே மனிதர்களுக்கு. அந்தத் தோப்பில் மரத்தின் சுற்றளவை எவரும் அளப்பதில்லை, விழுக்காடும் கிடையாது. ஆக, ஒரே ஊரில், ஒரே இனத்து மரத்தோடு, ஒரே மக்களுக்கு இரண்டு விதமான தொடர்பு. குழுக் கூட்டத்தில் அந்த மரம் பங்கு; ஜாஹேரில் அது உறவு. நிர்வாகத்துக்குப் புரிந்தது முதலாவது மட்டுமே.

தென்கடலுக்கு அப்பால்

இந்த இரண்டாவது தொடர்பைச் சட்டத்தின் மொழியில் எழுத முடியுமா என்று ஆஸ்திரேலியாவில் முயன்று பார்த்தார்கள். அந்தக் கண்டத்தின் நடுவே உலுரு என்ற மாபெரும் செம்பாறை இருக்கிறது. அனாங்கு என்ற ஆதிகுடி மக்களுக்கு அது முன்னோரின் செயல்கள் கல்லாக உறைந்து நிற்கும் இடம். அந்த மக்கள் ‘நாடு’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் மண், நீர், விலங்கு, பாட்டு, இறந்தவர், பிறக்கப் போகிறவர் எல்லாரும் அடக்கம். நாட்டை மனிதன் பேண வேண்டும். நாடு மனிதனைப் பேணும்.

அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு இது புரியவில்லை. உழுது பயிரிட்டு உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தம் என்று ஜான் லாக் என்ற தத்துவவாதி எழுதியிருந்தார். வேலியும் ஏரும் காணப்படாத நிலம் ஆளற்ற நிலமாகக் கருதப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த ஒரு கண்டம், தத்துவத்தில் ஆளில்லாததாயிற்று. எடி மாபோ என்பவர் தொடர்ந்த வழக்கில் 1992 ஜூனில்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கையைத் தள்ளிற்று. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

உலுரு அதற்கு முன்பே, 1985 அக்டோபர் 26இல், அனாங்கு மக்களின் பெயருக்கு மாற்றப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசின் தேசியப் பூங்காத் துறைக்கு விட்டார்கள். பூங்காவை நிர்வகிக்கும் குழுவில் அனாங்குகளே பெரும்பான்மை. அராபாரியில் அரசு உடைமையாளர், மக்கள் பங்காளர். இங்கே மக்கள் உடைமையாளர், அரசு குத்தகைதாரர். கையெழுத்து இடம் மாறியதால் என்ன மாறிற்று? அறிவின் மதிப்பு மாறிற்று. 1976இல் பூங்காவின் பெரும்பகுதியைப் பெருந்தீ விழுங்கியது. குளிர்காலத்தில் அங்கங்கே சிறு சிறு திட்டுகளாக எரித்து வைத்தால் கோடையில் பெருந்தீ பரவ வழியிருக்காது என்பது அனாங்குகளின் பழைய வழக்கம். பின்னர் பூங்காவின் விஞ்ஞானிகளும் அதையே கைக்கொண்டார்கள்.

பாறைமீது ஏற வேண்டாம் என்று அனாங்குகள் வருகிறவர்களை நெடுங்காலம் வேண்டிக்கொண்டார்கள். ஏறுபவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது தடைசெய்யப்பட்டது. சொந்தக்காரர் ஆன நாளிலேயே தடை போடாமல், 34 ஆண்டுகள் வேண்டுகோளோடு நின்றார்கள் என்பது கவனத்துக்குரியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலுருவிலிருந்து கல்லும் மண்ணும் ஞாபகார்த்தமாக எடுத்துச் சென்ற சுற்றுலாப் பயணிகள் பலர், பின்னர் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கற்களை என்ன செய்வது என்பது பூங்கா அலுவலகத்துக்கு ஒரு தனி வேலை.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பழங்குடி மக்களுக்கு வரலாற்றில் அநீதி இழைக்கப்பட்டது என்பதை முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. சத்தியமங்கலத்துக்கு அடுத்து, கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கசாமி மலையில் வாழும் சோலிகர்களுக்கு 2011இல் இச்சட்டப்படி சமுதாய வன உரிமை கிடைத்தது. நாட்டின் புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. சோலிகர்களுக்கும் ‘தரகு பெங்கி’ என்ற சருகுத் தீ வழக்கம் இருந்தது. அதைத் தடைசெய்த பிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டிற்று என்பது அவர்களது வாதம். ஆஸ்திரேலியாவின் அனாங்குவும் கர்நாடகத்தின் சோலிகரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. பேச்சு மட்டும் ஒன்றாக இருக்கிறது.

வேதாந்தியின் ஆட்சேபம்

இங்கே வேதாந்தம் பயின்ற ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். ‘எனது’ என்னும் மமதையே பந்தம் என்கிறது சாஸ்திரம். துறவிக்கு வீடில்லை, ஊரில்லை. கீதை போற்றும் பக்தன் இருப்பிடம் அற்றவன். அப்படியிருக்க, ஒரு பாறையையும் ஒரு தோப்பையும் விட்டுப் பிரிய மாட்டேன் என்பது பற்றுத்தானே? ஜமீன்தாரின் பற்றைக் கண்டித்துவிட்டுப் பழங்குடியின் பற்றை மட்டும் ஏன் போற்ற வேண்டும்?

ஆட்சேபம் வலுவானது. சொற்கள் ஒரே மாதிரி இருப்பதால் பொருளும் ஒன்றென்று கொள்வதில்தான் பிழை இருக்கிறது. அண்ணனும் தம்பியும் கயிறு பிடித்து நிலத்தை அளந்து, இந்தப் பக்கம் எனது, அந்தப் பக்கம் உனது என்று பிரிக்கும்போது இறைவன் சிரிக்கிறான் என்று தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் சொல்வதுண்டு. அவரே பழுக்காத ‘நான்’, பழுத்த ‘நான்’ என்று இரண்டைப் பிரித்தும் காட்டினார். இது என் வீடு, என் சொத்து என்பது முதலாவது. நான் ஊழியன், நான் பிள்ளை என்பது இரண்டாவது. முதலாவதில் உலகம் எனக்கு உரியது. இரண்டாவதில் நான் ஒருவருக்கு உரியவன். வேதாந்தம் அறுக்கச் சொல்வது முதலாவதை. கயிற்றோடு வருபவன் ஜமீன்தார். ஜாஹேரில் முதல் பூவைத் தெய்வத்துக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்ணிடம் கயிறு இல்லை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு உரைகல் உண்டா? உண்டு, அது விசுவகர்மன் கதையிலேயே இருக்கிறது. எதை என்னால் விற்கவோ கொடுக்கவோ முடியுமோ, அது என் சொத்து. எதை விற்கும் எண்ணமே எழாதோ, அதனோடு எனக்குள்ளது வேறு ஏதோ ஒன்று. தாயை யாரும் விற்பதில்லை. தாயை உடைமை என்று யாரும் சொல்வதுமில்லை. இதைக் கவிஞரின் உருவகம் என்று எண்ணிவிட வேண்டாம். வன உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கிடைத்த உரிமை வாரிசுகளுக்குச் செல்லும், ஆனால் அதைப் பிறருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது என்கிறது. உலுருவின் பட்டாவும் விற்க முடியாத பட்டாதான். சட்டம் எழுதியவர்கள் ஐதரேய பிராம்மணத்தைப் படித்தார்களோ இல்லையோ, பூமி சொன்னதை எழுதிவிட்டார்கள்.

துறவியின் வீடின்மையும் பழங்குடியின் மண்ணுறவும் இந்த இடத்தில் அருகருகே வந்து நிற்கின்றன. ஒருவர் எதையும் தமதாக்கிக்கொள்ளாமல் எங்கும் செல்கிறார். மற்றவர் எதையும் தமதாக்கிக்கொள்ளாமல் ஓரிடத்தில் நிற்கிறார்.

புலியும் நீதிமன்றமும்

இதைச் சொல்லும்போது பழங்குடியினர் எல்லாரும் முனிவர்கள் என்று எண்ணிவிடுவதும் ஒருவகை அவமதிப்பே. அவர்களிலும் பேராசை உண்டு, சண்டை உண்டு. காட்டை நேசிப்பதாகச் சொல்லும் நகரத்தாரைப் பற்றியும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 1939இல் வெளிவந்த விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘ஆரண்யக்’ நாவலைத் தமிழில் ‘வனவாசி’ என்ற பெயரில் பலர் படித்திருப்பார்கள். கல்கத்தாவில் வேலை தேடி அலைந்த இளைஞன் பீகார்க் காட்டு எஸ்டேட்டுக்கு மானேஜராகப் போகிறான். காட்டின்மேல் மாறாக் காதல் கொள்கிறான். அந்தக் காட்டைப் பங்கு போட்டுக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விட்டு அழிப்பதுதான் அவன் வேலை. சம்பளமும் வாங்கினான், கண்ணீரும் விட்டான். மகாசுவேதா தேவி 1977இல் பிர்சா முண்டாவைப் பற்றி எழுதிய நாவலின் தலைப்பு ‘அரண்யேர் அதிகார்’. அந்த வங்காளச் சொற்றொடரைக் காட்டின்மீது மக்களுக்குள்ள உரிமை என்றும் கொள்ளலாம். காட்டுக்கே உள்ள உரிமை என்றும் கொள்ளலாம்.

இரண்டு உரிமைகளும் மோதும் இடம் கொல்கத்தாவுக்குத் தெற்கே, அருகிலேயே இருக்கிறது. சுந்தரவனம் 1973இல் புலிகள் காப்பகமாகவும் 1984இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. அங்கே தேனெடுக்கவும் மீனும் நண்டும் பிடிக்கவும் செல்பவர்கள், இந்துக்களானாலும் முஸ்லிம்களானாலும், பொன்பீபியை வணங்கிய பிறகே காட்டில் கால் வைக்கிறார்கள். வெறுங்கையோடும் தூய மனத்தோடும் போக வேண்டும். தேவைக்குமேல் எடுக்கக் கூடாது என்பது அவளது கட்டளை. பேராசை பிடித்த தேன் வியாபாரி தனா, ஏழைச் சிறுவன் துக்கேயைப் புலி உருவில் வரும் தக்கிண ராயனுக்குப் பலியாக விட்டுவிட்டுப் படகேறிப் போனதும், பொன்பீபி சிறுவனைக் காத்ததும் அவர்கள் ஆண்டுதோறும் நடிக்கும் கதை. அந்தக் கதையில் புலி கொல்லப்படுவதில்லை. புலிக்கும் மனிதனுக்கும் எல்லை வகுக்கப்படுகிறது.

அரசும் ஓர் எல்லை வகுத்தது. உள்மையப் பகுதிக்குள் எவரும் நுழையக் கூடாது. பசியால் நுழைந்தவர்களில் சிலர் திரும்பவில்லை. தடை செய்யப்பட்ட பகுதியில் இறந்தார் என்று சொல்லி விதவைகளுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. இறந்தவரைக் குற்றவாளி என்று எழுதிவிட்டால் கோப்பு முடிந்துவிடுகிறது அல்லவா! 2023இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், உள்மையப் பகுதியில் நிகழ்ந்தது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க இயலாது என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. புலியின் உரிமை அதனால் குறையவில்லை. ஆனால் புலியைக் காப்பதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது. நுழைவுச் சீட்டு வாங்கிப் படகில் அமர்ந்து புலியைத் தேடும் கொல்கத்தாக்காரர் கொடுப்பது ஒரு விலை. நண்டுக்காகச் சேற்றில் இறங்குபவர் கொடுப்பது இன்னொரு விலை.

அராபாரியிலும் கணக்கு முடிந்துவிடவில்லை. சால மரங்கள் மீண்டும் தழைத்து மேதினிபூர் பச்சையானதும், 1987 வாக்கில் இன்றைய ஜார்க்கண்டின் தல்மா மலையிலிருந்து காட்டு யானைகள் நெடுந்தூரம் கடந்து அங்கே வரத் தொடங்கின. காடு திரும்பிவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் யானைகள் வருவது நெல் முற்றும் காலத்தில். ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு போய்விடும். சில இரவுகளில் உயிரும் போகும். 25 விழுக்காட்டுக் கணக்கில் யானையின் பங்கை எவரும் எழுதியிருக்கவில்லை. காட்டைக் காத்த அதே கிராமத்தார் குளிர்கால இரவுகளில் தீப்பந்தங்களோடு வயல் வரப்பில் நின்று அவற்றை விரட்டுகிறார்கள். விரட்டும்போதும் அவர்கள் யானையை அழைக்கும் பெயர் தாகூர். கடவுள் என்பதற்கு வங்காளத்தில் வழங்கும் சொல் அதுதான்.